நன்றி மட்டும் சொல்ல வேண்டும்

நெப்ராஸ்காவின் டோப்ரி கிரீக் ஊரில் யார் வீட்டு கராஜ் கதவு பாதியில் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். வெர்ன் ஸ்லாமா, கராஜ் கதவு பழுதுபார்ப்பவன். என் ட்ரக்கின் இரண்டு பக்கமும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஊரில் எனக்கு இன்னொரு பெயரும் உண்டு: கோச். அதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் அழிக்கச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருக்கும்.

நான் கோச் ஆனது தகுதியால் அல்ல. என் மகன் வேட் சின்னவனாக இருந்தபோது பேஸ்பால் ஆட வேண்டும் என்று அடம் பிடித்தான். நூலகத்தின் கீழ்த்தளத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். இந்த வருடம் யார் கோச் என்று கேட்டபோது நான் கழிப்பறையில் இருந்தேன். திரும்பி வந்தால் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். கையைக் கழுவிவிட்டு வந்ததற்கா இவ்வளவு மரியாதை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று.

வேட் மறு வருடமே மட்டையைப் போட்டுவிட்டு டிராம்போன் ஊதப் போய்விட்டான். இப்போது கல்லூரியிலும் அதைத்தான் ஊதிக்கொண்டிருக்கிறான். நான் மட்டும் பிள்ளையில்லாத கோச்சாக மைதானத்திலேயே தங்கிவிட்டேன். ஒவ்வொரு வசந்தமும் பிள்ளைகள் பேஸ்பால் லீகின் தலைவி ராபர்ட்டா போன் செய்து, "இந்த ஒரு வருஷம் மட்டும் பாத்துக்கோ வெர்ன்" என்பாள். ராபர்ட்டா ஊர்ப் பல் மருத்துவரின் முன்மேஜையில் உட்கார்ந்திருப்பவள். அவளிடம் முடியாது என்று சொன்னால் அடுத்த முறை பல் வலிக்கும்போது நேரம் கிடைக்காது.

எங்கள் அணிக்குச் சட்டை வாங்கித் தருவது ஜன்டா பன்றித் தீவனக் கடை. அதனால் சட்டையின் முன்னால் ஒரு பன்றி மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும். "அந்தப் பன்றிய வரையும்போது உன்னைத்தான் நிக்க வெச்சிருப்பாங்க" என்று என் மனைவி மார்லிஸ் வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். வயிற்றைப் பார்த்தால் மறுக்கவும் முடியவில்லை.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் பேஸ்பாலில் எதிரணி பந்து வீசாது. சொந்தக் கோச்தான் தன் பிள்ளைகளுக்கு வீசுவான். பிள்ளை அடிக்க வேண்டும் என்பதற்காகவே வீசுவது அது. ஐந்து பந்திலும் பிள்ளை தொடவில்லை என்றால், இடுப்புயர ரப்பர் கம்பம் ஒன்றைக் கொண்டுவந்து நட்டு, அதன் தலையில் பந்தை உட்கார வைத்து அடிக்கச் சொல்வோம். பிள்ளைகளுக்கு அந்தக் கம்பத்தைக் கண்டாலே ஆகாது. நடுவர் அதைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

மற்ற ஊர்க் கோச்சுகள் பக்கத்தில் வந்து, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, பிள்ளையின் நெஞ்சுயரத்திலிருந்து நேராக வீசுவார்கள். நான் அப்படியெல்லாம் செய்யமாட்டேன். உயர்நிலைப் பள்ளி அணியில் நான் பந்து வீச்சாளன். இதை நான் சொல்லும்போதெல்லாம் மார்லிஸுக்கு இருமல் வரும். அணியில் இருந்தது உண்மை. பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்ததுதான் பெரும்பகுதி என்பதும் உண்மை. ஆனாலும் வீச்சாளன் வீச்சாளன்தானே? இந்த ஆறடி நாலு அங்குல உடம்பை நிமிர்த்தி, இடது காலைத் தூக்கி, கையைத் தலைக்குமேல் சுழற்றி வீசுவேன். பந்து மேலே ஏறி, கொஞ்சம் யோசித்து, மாடியிலிருந்து யாரோ சாவியைக் கீழே போடுவது போல பிள்ளையின் தலைக்கு நேராக இறங்கும். பிள்ளைகள் மட்டையைச் சுழற்றுவதைவிடக் குனிந்துகொண்டதுதான் அதிகம்.

இந்த வருட அணியில் டென்லி என்று ஒரு பெண். எட்டு வயது, குச்சி மாதிரி உடம்பு. அவளுடைய அம்மா ஷெல்பி முதியோர் இல்லத்தில் நர்ஸ். வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிட்டுப் போவாள் என்பதால் பயிற்சிக்கு முதலில் வருவது டென்லிதான். ஊதா நிறத்தில் சொந்தமாக ஒரு மட்டை வைத்திருந்தாள். தலைக்கவசம் அவளுக்குப் பெரிது. மட்டையைச் சுழற்றினால் உடம்போடு சேர்ந்து கவசமும் சுழன்று, அவள் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்துகொண்டு மறுபடி நிற்பாள். அழமாட்டாள், சிணுங்கமாட்டாள்.

சீசன் முழுவதும் நான் வீசிய ஒரு பந்தைக்கூட அவள் தொட்டதில்லை. மற்றவர்கள் எப்போதாவது ஒன்றைத் தட்டிவிடுவார்கள். இவளுக்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் நான் கத்துவேன்.

"கண்ணைப் பந்து மேலயே வை டென்லி! பந்தைப் பாரு!"

"சரி கோச்" என்பாள். அடுத்த பந்தும் போகும்.

பிறகு கம்பம் வரும். கம்பத்தின் மேல் வைத்த பந்தை அவள் ஒரு போடு போட்டால் வேலிவரை உருண்டு போகும். நின்ற பந்தை இப்படி அடிக்கிறவள் என் பந்தை மட்டும் ஏன் விடுகிறாள் என்று யோசிக்கக் கொஞ்சம் மூளை வேண்டும். நான் அந்த நேரத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருப்பேன்.

ஜூலையில் சீசன் முடிகிற வாரம், ராபர்ட்டா கோச்சுகளையெல்லாம் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்குக் கூப்பிட்டாள்.

"சீசனை எப்படி முடிக்கிறோமோ அதைத்தான் பிள்ளைங்க ஞாபகம் வெச்சிருக்கும்" என்று ஆரம்பித்தாள். "இந்தத் தடவை யாரும் கடைசி நாள் பிக்னிக்ல நீளமாப் பேசக் கூடாது. போன வருஷம் ஒருத்தர் கராஜ் கதவு ஸ்பிரிங்கையும் வாழ்க்கையையும் வெச்சுப் பேசி, கேக் உருகியே போச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் திரும்பிச் சுவரைப் பார்த்தேன்.

"அதுக்குப் பதிலா ஒவ்வொரு பிள்ளையையும் தனியா உக்கார வெச்சு ரெண்டே கேள்வி கேளுங்க. இந்த சீசன்ல உனக்கு என்ன பிடிச்சுது? நான் எதை மாத்திக்கணும்? அவ்வளவுதான். அவங்க என்ன சொன்னாலும் வாதாடக் கூடாது, விளக்கம் குடுக்கக் கூடாது. நன்றின்னு மட்டும் சொல்லணும். வெர்ன், உன்னைத்தான் சொல்றேன்."

"எனக்கு எதுக்கு தனியாச் சொல்ற?"

"இதோ, இப்பவே வாதாடுற."

வீட்டுக்கு வந்து மார்லிஸிடம் சொன்னேன். அவள் உருளைக்கிழங்கு சாலட்டுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சு. பிள்ளைங்க உன்னை என்ன நினைக்கிதுன்னு தெரிஞ்சுக்கலாம்" என்றாள்.

"தெரியாதா என்ன? ஆட்டத்துல தோத்தாலும் சிரிச்சுக்கிட்டேதான் போறாங்க. என்மேல உசிரு."

"ஆமாய்யா. ஆட்டம் முடிஞ்சுதுன்னு சிரிக்குதுங்க." ஒரு முட்டையை உடைத்தாள். "டென்லிக்குக் கோப்பை குடுக்கும்போது என்னன்னு சொல்லிக் குடுக்கப் போற?"

எங்கள் ஊரில் சீசன் முடிவில் எல்லாப் பிள்ளைக்கும் பரிசாக ஒரு பிளாஸ்டிக் கோப்பை உண்டு. ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

"விடாமுயற்சிக்குன்னு."

"விடாமுயற்சின்னா ஒண்ணும் வரலைன்னு அர்த்தம். அது பிள்ளைங்களுக்குத் தெரியாதா?"

சாலட்டில் உப்புக் குறைவு என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

பிக்னிக் நாளில் பூங்காவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போனேன். பந்து போட்டு வைக்கும் வாளியைக் கவிழ்த்து மைதானத்தின் ஓரம் போட்டு உட்கார்ந்தேன். எதிரே ஐஸ்பெட்டி, பிள்ளைகள் உட்கார. அந்தப் பக்கம் ஹாட் டாக் வாசனை வந்துகொண்டிருந்தது. என் கண்ணில் கொஞ்சம் ஈரம்கூட இருந்தது, இனி கேட்கப்போகும் பாராட்டுகளை நினைத்து.

முதலில் பிரின் வந்தாள். ஆட்டத்தின் நடுவில் குட்டிக்கரணம் போடும் பெண்.

"உனக்கு என்ன பிடிச்சுது பிரின்?"

"ஆட்டம் முடிஞ்சதும் குடுக்கிற ஐஸ் ஜூஸ்."

"சரி. நான் எதை மாத்திக்கணும்?"

"நீங்க போடுற பந்து வானத்துலேருந்து வருது கோச். எனக்கு பயமா இருக்கு."

நான் வாயைத் திறந்தேன். தூரத்தில் ராபர்ட்டா கெட்சப் பாட்டிலோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நன்றி" என்றேன்.

அடுத்து வந்தவன், என் பந்து அவன் தலைக்கு மேலே போகிறது என்றான். நன்றி. அதற்கடுத்தவன், அவனுடைய தாத்தா நன்றாக வீசுவார், வேண்டுமானால் அவரைக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றான். தாத்தாவுக்கு இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நன்றி. இன்னொரு பெண், கோச் நல்லவர்தான், ஆனால் அவர் கண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவளுடைய அம்மா சொன்னதாகச் சொன்னாள். அதற்கும் நன்றி. கண்ணில் இருந்த ஈரம் காய்ந்துவிட்டது.

டெக்கர் வந்தான். வாயாடி. உட்காரும்போதே ஆரம்பித்தான்.

"மத்த கோச்செல்லாம் மண்டி போட்டு வீசுறாங்க. நீங்க மட்டும் எதுக்கு டிவில வர்றவங்க மாதிரி காலைத் தூக்குறீங்க?"

"அது வந்து டெக்கர், நான் பள்ளிக்கூடத்துல..."

"வாதாடக் கூடாதுன்னு மிஸ் ராபர்ட்டா சொல்லியிருக்காங்க."

"நன்றி."

"ஹால்வர் ஊர்க் கோச் மண்டி போட்டாரு. அவங்க எல்லாரும் அடிச்சாங்க. நான் இதை மே மாசமே உங்ககிட்ட சொன்னேன்."

சொன்னான்தான். ஆணாகப் பிறந்தவன் நின்றுதான் வீசுவான் என்று அவனுக்கு நான் அன்று பதில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. "நன்றி டெக்கர், ரொம்ப நன்றி, போய் ஹாட் டாக் சாப்பிடு."

இதற்குள் என் நாக்கு பழகிவிட்டது. பிள்ளை வாயை மூடியதும் நன்றி தானாக விழும், பட்டனை அழுத்தினால் கதவு இறங்குவது போல.

கடைசியாக டென்லி வந்தாள். ஐஸ்பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, ஊதா மட்டையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"உனக்கு என்ன பிடிச்சுது டென்லி?"

நன்றாக யோசித்தாள். "எல்லாரோட மட்டையையும் வரிசையா அடுக்கி வெக்கிறது."

"நான் எதை மாத்திக்கணும்?"

மற்ற பிள்ளைகள் யோசிக்காமல் சொன்னார்கள். இவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க எதையும் மாத்த வேணாம் கோச். நீங்க ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க, நான்தான் பந்தைப் பாக்க மாட்டேங்கிறேன். பாக்கிறேன்னு நினைக்கிறேன், ஆனா பாக்கலை போல. என் தப்புதான்."

"நன்றி" என்றேன்.

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவள் தலையை ஆட்டினாள், தீர்ப்பைக் கேட்டுக்கொண்டவள் மாதிரி. எழுந்து மட்டையை இழுத்துக்கொண்டு போனாள். மட்டை புல்லில் கோடு போட்டுக்கொண்டே போனது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளையும் மிஞ்சிவிட்டேன். கூடம் கோணல் என்று சொன்னதோடு, கூடத்தையே மன்னிப்புக் கேட்க வைத்து, அதற்கு நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

மார்லிஸ் சாலட் பாத்திரத்தின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"நன்றின்னா சொன்ன?"

"வாய்ல வந்துருச்சு."

"என் தப்புன்னு ஒரு குழந்தை சொல்லுது, நீ நன்றிங்கிற." அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னைத் திட்டாமல் இருந்த சில தருணங்களில் அது ஒன்று. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஷெல்பி வந்தாள். நர்ஸ் உடையிலேயே இருந்தாள். "கோச், டென்லி உங்ககிட்ட சொன்னாளா? அடுத்த வருஷம் வரலைங்கிறா. மட்டைய சித்தி பையனுக்குக் குடுத்துடலாம், எனக்கு இதெல்லாம் வராதுன்னு கார்லயே சொல்லிட்டா. நானும் கட்டாயப்படுத்தலை. நீங்க பாவம், எவ்வளவு பொறுமையாச் சொல்லிக் குடுத்தீங்க."

பொறுமையாக! பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. நெப்ராஸ்காவில் பூமி அவ்வளவு லேசில் பிளக்காது.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உன் தப்பு இல்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் 'சரி கோச்' என்பாள். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அதைத்தானே சொன்னாள்? என் வாயில் இனி அவளுக்கு உதவுகிற மாதிரி எதுவும் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

கேக் வெட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு ஆட்டம் வைப்பது எங்கள் வழக்கம். பெற்றோர் பந்தைத் தடுக்கக் காவல் நிற்பார்கள், பிள்ளைகள் அடிப்பார்கள், கோச் வீசுவான். ராபர்ட்டாதான் நடுவர். நான் பந்தை எடுத்துக்கொண்டு போனேன். பழக்க தோஷத்தில் வழக்கம்போல நின்றே வீசினேன். பிரின் குனிந்துகொண்டாள். டெக்கர் தலையில் அடித்துக்கொண்டான்.

டென்லியின் முறை வந்தது. அவள் மட்டையோடு வந்து நின்றாள், ஆனால் தோளில் வைக்கவில்லை.

"நேரா கம்பத்தையே வெச்சிருங்க கோச். எல்லாரும் கேக்குக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

கோபமில்லை, அழுகையில்லை. மற்றவர்களுக்கு வேலை வைக்க வேண்டாமே என்கிற குரல் அது. ராபர்ட்டா கம்பத்தைத் தூக்கிவிட்டாள்.

"கம்பத்தைக் கீழ வை ராபர்ட்டா" என்றேன்.

முன்னால் நடந்து போனேன். அவளுக்குச் சில அடி தூரத்தில் நின்று, தொப்பியைக் கழற்றிப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, மண்டி போட்டேன். ஒரு முழங்கால் போட்ட சத்தம் மூன்றாவது பேஸ்வரை கேட்டிருக்கும். இன்னொன்றும் தானாக வந்து உட்கார்ந்தது, ஒன்று மட்டும் தனியாக என்னைத் தாங்காது என்பதால்.

எங்கள் ஊரில் ஒரு ஆம்பளை இப்படி மண்டி போடுவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். முதலில் மார்லிஸின் குரல்தான் கேட்டது.

"பாருங்கய்யா இந்த அநியாயத்தை! என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டப்பகூட இந்த மனுஷன் மண்டி போடலை! ட்ரக்குல உக்காந்துகிட்டு, சிக்னல்ல நிக்கும்போது கேட்டான்!"

ஊரே சிரித்தது. டென்லி சிரிக்கவில்லை. கவசத்தைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக என் கண்ணும் அவள் கண்ணும் ஒரே உயரத்தில் இருந்தன. அங்கிருந்து பார்த்தபோது எவ்வளவு சின்னவள் என்று தெரிந்தது. இந்த உயரத்தின் மேலா நான் இத்தனை நாள் வானத்திலிருந்து பந்தைப் போட்டேன்?

முதல் பந்து உருண்டு போனது. மண்டி போட்டு வீசுவதற்கும் பழக வேண்டும் போலிருக்கிறது. இரண்டாவது ராபர்ட்டாவின் கணுக்காலில் பட்டது. "எனக்கு எதுக்குய்யா வீசுற?" என்றாள். நான் பந்தைப் பார் என்று கத்தவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

மூன்றாவது பந்து நேராக, தரைக்கு இணையாக, அவளுடைய நெஞ்சுக்கு நேரே போனது. நானே அசந்துபோய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதா மட்டை சுழன்றது. 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு என் வாயில் இன்னொரு சத்தம்.

மண்டி போட்டவனால் நகர முடியாது. இதை ஹால்வர் கோச் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மல்லாந்து விழுந்தேன். வானம் தெரிந்தது, அது மேகமே இல்லாமல் நன்றாக இருந்தது. உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. காவல் நின்ற பெற்றோர் எல்லோரும் என்னைச் சுற்றி ஓடிவந்தார்கள். அந்தக் கால்களின் இடுக்கில் பார்த்தால், டென்லி மட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். சீசன் முழுக்க அழாதவள் அழுகிறாள்.

"என் தப்பு! கோச், என் தப்பு!"

நான் எழுந்து உட்கார்ந்தேன். வாயில் ரத்தத்தோடு கத்தினேன்.

"இல்ல! நல்ல அடி! நீ விட்ட அத்தனை பந்தும் என் தப்பு! எல்லாமே நான் போட்டது! இது ஒண்ணுதான் நீ செஞ்சது! ஓடு!"

அவள் நின்றபடியே பார்த்தாள். என் உதட்டைத் துணியால் அழுத்திக்கொண்டிருந்த ஷெல்பிக்கு அப்போதுதான் உறைத்தது. நர்ஸ் வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி அலறினாள்.

"ஓடுடி! அடிச்சிட்டடி! ஓடு!"

டென்லி ஓடினாள். இரண்டு எட்டில் கவசம் திரும்பிக் கண்ணை மூடிவிட்டது. டெக்கர் பெஞ்சிலிருந்து குதித்து அவளுடன் ஓடினான். "இடது பக்கம் திரும்பு! திரும்பு! இன்னும் ஓடு!" பந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் புல்லில் கிடந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு பேஸாக மிதித்து, கண்ணே தெரியாமல் முழு வட்டம் சுற்றி, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டுக்கே வந்து விழுந்தாள். அணி மொத்தமும் அவள்மேல் போய் விழுந்தது. கோச் செத்தானா இருக்கிறானா என்று பிள்ளைகளில் ஒன்றுகூட வந்து பார்க்கவில்லை. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"ஹோம் ரன்" என்று ராபர்ட்டா கையைத் தூக்கினாள். பிறகு குனிந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "திங்கக்கிழமை காலைல வா, எப்படியாவது உனக்கு இடம் போடுறேன்" என்றாள்.

கோப்பை கொடுக்கும் நேரம் வந்தபோது என் உதடு ஹாட் டாக் அளவுக்கு வீங்கியிருந்தது. பேச முடியாது என்று சைகை காட்டினேன். பெற்றோர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். மார்லிஸ்தான் கோப்பைகளைக் கொடுத்தாள். டென்லிக்கு என்ன சொல்வது என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என் உதட்டைத் தொட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பந்தையும் அவளிடம் கொடுத்தேன். தையலின் மேல் என் ரத்தம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. டெக்கர் அதைப் பார்த்துவிட்டு, தன் கோப்பைக்கு மாற்றாகத் தருவாளா என்று பேரம் பேசினான். அவள் கொடுக்கவில்லை. கேக் இந்த வருடம் உருகவில்லை.

சாமான்களை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஐஸ் பையை வாயில் வைத்துக்கொண்டு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருந்தேன். டென்லி வந்தாள். ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் பந்து, உதட்டோரம் கேக். எதிரே ஐஸ்பெட்டியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள்.

"அந்த ரெண்டாவது கேள்விய இன்னொரு தடவை கேளுங்க கோச்."

ஐஸ் பையை எடுத்தேன். "நான் எதை மாத்திக்கணும்?"

"நீங்க பந்து வீசுறது ரொம்ப மோசம்" என்றாள். "நான் பந்தைப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எல்லாத் தடவையும் பாத்தேன். அது வரவே இல்லை. அடுத்த வருஷம் முதல் நாள்லேருந்தே மண்டி போடுங்க. அடிச்ச உடனே குனிஞ்சுக்கோங்க."

சொல்லிவிட்டு, வாதாடுவேனோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நன்றி" என்றேன்.